உவர்மண் நீரில் ஓர் உயிர்

வண்ணாரப்பேட்டையின் பெயரே அதன் பழைய தொழிலைச் சொல்லிவிடும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. சோப்பு வருமுன் நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் நம்பியிருந்தது உவர்மண்ணை. அதிலுள்ள சோடியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்; வெளுப்பவரின் கைத்தோலையும் அரிக்கும். அத்தகைய நீரில் உயிர் வாழுமா?

வாழும். மகாராஷ்டிரத்தில் விண்கல் மோதிய பள்ளத்தில் உள்ள லோனார் ஏரியின் பி.எச். 10க்கு அருகில். அங்கிருந்து நம் நாட்டு அறிவியலாளர்கள் பிரித்தெடுத்து, 2010இல் அறிவித்த புதிய பாக்டீரியப் பேரினத்தின் பெயர் 'இந்திபாக்டர்'.

காரவிரும்பிகளில் நன்கு ஆராயப்பட்டவை பேசில்லஸ் வகைகள். வெளியே பி.எச். 10 என்றால் செல்லின் உள்ளே ஏறக்குறைய 8. அதாவது, உள்ளே புரோட்டான் செறிவு நூறு மடங்கு! அவை ஏன் வெளியே ஓடிவிடவில்லை? செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு 0.18 வோல்ட் அளவில். 'இவ்வளவுதானா?' என்று கேட்பீர்கள். சவ்வின் தடிமனோ மில்லிமீட்டரில் சுமார் 2 லட்சத்தில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 3 கோடி வோல்ட்டைத் தாண்டும்! காற்றில் பொறி பறக்க 30 லட்சமே போதும். இயற்பியல் ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இந்த மின்விசையைக் கொண்டு சவ்விலுள்ள புரதம் ஒன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, அவற்றைவிட அதிகமான புரோட்டான்களை உள்ளே இழுக்கிறது.

ஆனால் இரையைச் சிதைக்க வெளியே விடும் நொதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது காரத்திலேயே வேலை செய்தாக வேண்டும். ஜப்பானிய அறிஞர் கோக்கி ஹோரிகோஷி 1960களின் இறுதியில் இத்தகைய நொதிகளைத் தேடத் தொடங்கினார். இன்று பல சலவைத் தூள்களில், சோப்பு நீரின் காரத்துக்கு அசையாமல், ரத்தக் கறையையும் பால் கறையையும் எடுப்பவை அவைதாம்.