தும்பு ஊரில் ஒரு ஷேவிங் பிரஷ்

கையால் கட்டிய ஷேவிங் பிரஷ்ஷைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் குறையாகத்தான் இருக்கும். நாறுகிறது, குத்துகிறது, முடி கொட்டுகிறது. டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி ஒருவர் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நாலாவதாக ஒன்று கேட்டார்: "பிரஷ்ஷுக்குத் தும்பு ஏத்துமதி பண்ணுன ஊருவே இது. இதையும் நம்ம பனந்தும்புலயே கட்டுனா என்ன?"

நல்ல கேள்வி. நாலாவதிலிருந்தே தொடங்கலாம். பனைமட்டையின் அடிப்பகுதி மரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அதை அடித்து நசுக்கி, நாரை உருவி, இரும்புச் சீப்பில் வாரி, நீளம் பார்த்துக் கட்டினால் தும்பு. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன இந்தச் சரக்கில்தான் வெளிநாடுகளில் தெரு கூட்டும் பிரஷ்ஷும் தரை தேய்க்கும் பிரஷ்ஷும் செய்தார்கள். இந்தக் கரை என்றால் எல்லோரும் முத்தைத்தான் பேசுகிறோம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. நடந்த காலத்திலும் வருஷா வருஷம் நடந்ததில்லை. தும்பு அப்படியில்லை, பனை நின்றவரை வேலை இருந்தது. ஆனாலும் அதற்கு அந்தப் பெயர் வாய்க்கவில்லை.

இருக்கட்டும். தும்பு ஏன் முகத்துக்கு ஆகாது? அதன் பலமே விறைப்பு. அடி முதல் நுனி வரை முரட்டு நார். தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஷேவிங் பிரஷ்ஷில் கட்டும் பன்றி முடியை உற்றுப் பாருங்கள்: அடி தடித்து, மேலே போகப்போக மெலிந்து, நுனியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகள்தான் தண்ணீரையும் சோப்பையும் தாங்குகின்றன. பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கின் முடி இன்னும் மெல்லிய நுனி கொண்டது, விலையும் கூடுதல்.

கையால் கட்டுவது என்பதன் அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. முடிகளை நுனி கீழே இருக்கும்படி குழிந்த அச்சில் இறக்கித் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருவார்கள். பிறகு அடியை நூலால் இறுக்கி, பசை விட்டு, கைப்பிடியில் குடைந்த குழியில் பொருத்துவார்கள். மேல்வடிவத்துக்காகக் கத்தரி போடுவதில்லை. மலிவான பிரஷ்களில் நுனியை வெட்டியே வடிவம் கொடுப்பதுண்டு. வெட்டிய நுனி குத்தும், எத்தனை மாதம் போனாலும் குத்தும். அண்ணாச்சியின் பிரஷ்ஷில் வெட்டு இல்லை. அதன் குத்தல் புதுசின் குத்தல்தான்; நனைந்து, சோப்பில் உழன்று, காய்ந்து, மறுபடி நனைந்து நுனி பிளக்கப் பிளக்க மெத்தென்று ஆகும். சவரத்துக்கு முன் ஐந்து நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். கொதிநீர் வேண்டாம், பசை விட்டுவிடும். முதலில் சில முடிகள் உதிர்வது சகஜம். கொத்தாக வந்தால் கட்டியவரின் குற்றம், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நாற்றத்துக்கு ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப்போரில் பேட்ஜர் முடி வரத்துக் குலைந்தபோது, குதிரை முடியைப் பேட்ஜர் போலச் சாயமேற்றி விற்றார்கள். அதைச் சரியாகக் கிருமி நீக்கவில்லை. ராணுவத்தினரும் சாதாரண ஜனங்களும் சவரம் செய்த முகத்தில் சிறு கீறல் வழியே ஆந்த்ராக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். நம் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று பயப்படும் அதே நோய். 1920-இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்கவே பிரிட்டன் தடை போட்டது. இன்றைக்கு ஒழுங்கான தயாரிப்பாளர்கள் முடியைச் சுத்திகரித்துத்தான் கட்டுகிறார்கள். மிச்சமிருப்பது வெறும் மிருக வாசனை. ஷாம்பூ போட்டு நாலு தடவை அலசினால் போய்விடும்.

பன்றி முடி ஆகாத காயல்பட்டினத்து முஸ்லிம் நண்பர்கள் வேறு கேள்வி கேட்பார்கள்: "இது எந்த முடி?" கேட்க வேண்டிய கேள்விதான், சைவக்காரர்களும் கேட்கலாம். கைப்பிடியில் ஒன்றும் எழுதாத பிரஷ்ஷை நம்பி வாங்காதீர்கள். முடியே வேண்டாமென்றாலும் வழியுண்டு: இன்றைய செயற்கை இழை பழைய நைலான் போலில்லை. நன்றாகவே நுரைக்கிறது, ஊறவைக்கவும் தேவையில்லை, சீக்கிரம் காய்கிறது. கடற்காற்றில் எதுவும் சரியாகக் காயாத ஊரில் அது பெரிய வசதி. கீரி முடியென்று யாராவது பெருமையாக நீட்டினால் மட்டும் கை வைக்காதீர்கள். கீரி, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து நுரை மட்டும் வரவில்லையென்றால் பிரஷ்ஷைத் திட்ட வேண்டாம். நுரை என்பது சோப்புத் தண்ணீருக்குள் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாகச் சிறைப்பிடிப்பது. மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவை அடிப்பதும் அதே வேலை. அவசரப்பட்டால் இரண்டும் கெடும். ஆனால் கடலோரத்துப் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. நுரைக்கு வேண்டிய சோப்பை அந்தக் கசடு தின்றுவிடும். அதனால் அண்ணாச்சிக்குச் சொன்னது இதுதான்: குளிக்கப் போர் தண்ணீர் போதும், பிரஷ் நனைக்க வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். குழாயில் அது வராத நாட்களில் சோப்பை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.