இரைச்சல் போயிடுச்சு... ஆனா கிட்டார் சரியாயிடுச்சா? 'செட்டப்' செய்து வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் ஒருவர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் ஆகியும் எஃப் கார்ட் பிடிக்க வரவில்லை. விரல் நுனி எரிகிறது. ஐந்தாவது ஃபிரெட்டில் கை வைத்தால் 'ஜிர்ர்' என்று ஓர் இரைச்சல். "நமக்கெல்லாம் இது வராது போல" என்று கிட்டாரை ஓரமாக வைக்கும் முன், கடைசி முயற்சியாக 'செட்டப்' செய்யக் கொடுக்கிறார். இரண்டு நாளில் பதில் வருகிறது: "இரைச்சல் போயிடுச்சுங்க, வந்து வாங்கிக்கங்க."

வாசித்துப் பார்த்தால் நிஜமாகவே இரைச்சல் இல்லை. காசு கொடுத்துவிட்டு வருகிறார். ஆனால், வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் முன்பைவிட அதிகமாக வலிக்கிறது.

நடந்தது இதுதான். கம்பிகளை உயர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். கம்பி உயர்ந்தால் எந்த ஃபிரெட்டிலும் உரசாது. ஃபிரெட் மேடும் பள்ளமுமாக இருந்தாலும் வெளியே தெரியாது. கம்பி தாழ்வாகவும் இருக்க வேண்டும், இரைச்சலும் இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது நல்ல வேலை.

(ஆங்கிலத்தில் இந்த இரைச்சலுக்கு 'ஃபிரெட் பஸ்' என்று பெயர். ஐந்து ரோட்டில் வந்து நிற்குமே, அந்த பஸ் இல்லை!)

செட்டப் வேறு, ஃபிரெட் வேலை வேறு

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் கிட்டாரைக் கொடுக்கிறார்கள். செட்டப் என்பது திருகித் திருத்துகிற வேலை. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் எனும் இரும்புக் கம்பியை முறுக்குவது, கம்பிகளின் உயரத்தைச் சரிசெய்வது, சுருதி சரிபார்ப்பது எல்லாம் இதில் வரும். பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம்.

ஃபிரெட் வேலை அப்படி இல்லை. மேடாக இருக்கும் ஃபிரெட்டுகளை அரத்தால் தேய்த்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். தேய்த்ததில் உச்சி தட்டையாகிவிடும் என்பதால், மறுபடி அதை வளைவாக்கி, கடைசியில் பளபளப்பாகத் தீட்டுவார்கள். புது ஃபிரெட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான். தேய்த்த உலோகம் திரும்பி வராது. இரண்டு மூன்று முறை மோசமாகத் தேய்த்தால், ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பதிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் "ஃபிரெட்டையும் கொஞ்சம் லெவல் பண்ணிடறேன்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், "எந்த ஃபிரெட்டுங்க மேடா இருக்கு? காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. தெரிந்தவர் காட்டுவார்.

ஏடிஎம் அட்டையே அளவுகோல்

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை. முதலில் கிட்டாரைச் சரியான சுருதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சுருதி இறங்கியிருந்தால் எந்த அளவும் செல்லாது.

கம்பி உயரத்தை 12-வது ஃபிரெட்டுக்கு மேல் பார்ப்பதுதான் வழக்கம். பள்ளி ஸ்கேல் உதவாது. அதில் பூஜ்யம் விளிம்பில் தொடங்காது. ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு அடியில் மூன்று அட்டைகள் (சுமார் 2.3 மி.மீ.) உரசாமல் நுழைய வேண்டும். நாலாவது அட்டையும் தாராளமாக நுழைந்தால் கம்பி உயரம் அதிகம். எலெக்ட்ரிக் என்றால் இரண்டு அட்டை போதும். எழுத்து புடைத்திருக்கும் பழைய அட்டை வேண்டாம். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் கம்பி இயல்பாகவே உயரமாக இருக்கும்.

அடுத்து நெக். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரின் நெக்கைச் சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. அதனால் நெக் மிக லேசாக முன்பக்கம் வளைந்திருக்கும், இருக்கவும் வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் 14-வது ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் பாருங்கள். ஏ4 தாள் ஒன்றிரண்டு நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றாலோ, அட்டையே நுழைகிறது என்றாலோ ட்ரஸ் ராடைச் சரியாகத் திருத்தவில்லை என்று அர்த்தம்.

எஃப் கார்ட் வராததற்குப் பல நேரம் காரணம் நட். நெக்கின் தலைப்பகுதியில், கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டைதான் அது. அதன் காடிகள் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால், முதல் ஃபிரெட்டில் கம்பியை அழுத்தவே தனி பலம் வேண்டும். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தபடி முதல் ஃபிரெட்டைக் கவனியுங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி போதும். அவசரத்தில் செய்யப்படும் செட்டப்பில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான்.

பிறகு சுருதி. ஃபோனில் ட்யூனர் ஆப் இருக்கிறதல்லவா? 12-வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஒலியெழுப்பிப் பாருங்கள். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஓர் அரைஸ்வரம் என்பது 100 சென்ட். இரண்டு மூன்று சென்ட் விலகலைக் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. பழைய கம்பியில் இந்தச் சோதனையைச் செய்து யாரையும் குறை சொல்லக் கூடாது.

விரலும் காதும் சொல்வது

ஃபிரெட் வேலையை அளக்க, ஒரே நேரத்தில் மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் தொடுகிற நேர்விளிம்பு வேண்டும். முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்கு அட்டையின் நீளமான பக்கம் சரியாக இருக்கும். வைத்து ஆட்டிப் பாருங்கள். நாற்காலிக் கால் ஆடுவதுபோல ஆடினால் நடு ஃபிரெட் மேடு.

கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே இழுத்தால் எங்கும் குத்தக் கூடாது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் மணலில் தேய்ப்பதுபோல் கரகரக்கக் கூடாது. கரகரத்தால் பாலிஷை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். மேல் ஃபிரெட்டுகளில் மெல்லிய கம்பியை நன்றாக இழுக்கும்போது ஒலி திடீரென்று செத்துப்போனால், கம்பி வேறொரு ஃபிரெட்டில் மோதுகிறது.

கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் உயிர். கமகம் முழுக்கக் கம்பியை இழுப்பதில்தானே இருக்கிறது? வீணையில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்படுபவை. செய்பவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைப்பார். மெழுகு தளர்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம். மெட்டுக்கு அடியில் பள்ளம் இருப்பதால் கம்பியை எவ்வளவும் இழுக்கலாம். 'சக்தி' குழுவின் ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் வீணை பயின்றவர். ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்த கிட்டாரை அவர் அந்தக் குழுவில் வாசித்தார்.

எல்லாப் பழியும் மெக்கானிக்குக்கா?

இல்லை. சேலம் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. காற்று காய்ந்தால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால்தான் ஏப்ரல், மேயில் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு குத்தும். மழைக்காலத்தில் மரம் உப்பி, கம்பி உயரும். ஏப்ரலில் செய்த செட்டப் அக்டோபரில் மாறியிருந்தால் அது வேலையின் குறை ஆகாது. ஆனால், வாங்கி வந்த வாரத்திலேயே மாறினால் கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அட்டையை வைத்து இரண்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

கிட்டாரோடு அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு ஒன்று: மேலே குளிர், ஈரம். கீழே வந்ததும் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டால் பிரிட்ஜ் ஒட்டிய பசையே இளகலாம். வீட்டுக்கு எடுத்துவந்து, ஒரு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, பிறகு அளந்து பாருங்கள்.