பத்திரத்தில் இருந்த வில்லங்கம்

சின்ன நாற்காலிகள் – 9

மனித உரிமை ஆணையம் என்றதும் நமக்கு ஓய்வுபெற்ற நீதிபதியும் சம்மனும் விசாரணை அறையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருபதாயிரம் பேர் வசிக்கும் புறநகர் ஊருக்கும்கூட இப்படி ஓர் ஆணையம் இருப்பதுண்டு. அதில் நீதிபதி கிடையாது. ஊர்க்காரர்களில் சிலரை நகர்மன்றம் நியமிக்கும். சம்பளம் இல்லை. மாதத்தில் ஒரு மாலை நகராட்சிக் கட்டடத்தில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

இவர்களால் யாரையும் தண்டிக்க முடியாது. வேலையிலோ வாடகை வீட்டிலோ பாகுபாடு காட்டினார்கள் என்று சட்டப்படி புகார் கொடுக்க, மாநில மனித உரிமைத் துறைக்குப் போகவேண்டும். அதுவும் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள். அந்த அளவுக்குப் போக விரும்பாதவர்களுக்காக உள்ளூர் ஆணையங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. தப்பு யார் மேல் என்று தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைத்துச் சமாதானம் செய்வது. மற்றபடி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பொதுக் கலந்துரையாடல், நகர்மன்றத்துக்கு ஆலோசனை. கேட்டால், 'இதற்கு ஒரு ஆணையமா?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கோல்டன் வேலியின் கதையைப் படிக்கும்வரை.

மினியாபொலிஸ் நகரின் மேற்கு எல்லையை ஒட்டிய ஊர் அது. மக்கள்தொகை சுமார் 22,000. அந்த நகராட்சியின் வழக்கறிஞர் மரியா சிஸ்னெரோஸ், தான் வாங்கிய வீட்டின் பழைய ஆவணங்களை 2019-இல் புரட்டியபோது ஒரு நிபந்தனை கண்ணில் பட்டது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அந்த இடம் ஆகாது என்றது அது.

இது அந்த ஒரு வீட்டோடு நின்ற விஷயமில்லை. மினியாபொலிஸில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட இத்தகைய பத்திரங்களில் மிகப் பழையது 1910-ஆம் ஆண்டுக்குரியது. சீனர், ஜப்பானியர், துருக்கியர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று வரிசையாகப் பட்டியல் போட்டு, அவர்களுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது. பின்னாளில் மனை பிரித்து விற்றவர்கள் லேஅவுட் முழுவதற்கும் ஒரேயடியாக இந்த நிபந்தனையைப் போட்டார்கள். பல பத்திரங்களில் ஒரு விதிவிலக்கும் உண்டு: வீட்டு உரிமையாளருடன் தங்கி வேலை செய்யும் பணியாளர் மட்டும் வேறு இனத்தவராக இருக்கலாம். பாத்திரம் துலக்க வரலாம், பத்திரத்தில் பெயர் வரக்கூடாது.

1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. புதிதாக எழுதுவதை மின்னசோட்டா 1953-இல் தடை செய்தது. 1968-இல் மத்தியச் சட்டமும் வந்தது. எழுதிய வரிகள் மட்டும் பதிவு அலுவலக அலமாரிகளில் அப்படியே கிடந்தன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய 'மேப்பிங் பிரெஜுடிஸ்' ஆய்வுத் திட்டம்தான் அவற்றைத் தேடி எடுத்தது. சந்தேகத்துக்குரிய பத்திரங்களைக் கணினி பொறுக்கித் தர, தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மினியாபொலிஸ் நகரில் மட்டும் 8,000 நிபந்தனைகள் கிடைத்தன.

2019-இல் மாநிலச் சட்டம் மாறியது. வீட்டு உரிமையாளர், 'இந்த நிபந்தனையை நான் நிராகரிக்கிறேன்' என்று ஓர் ஆவணத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் பழைய பத்திரத்தைத் தேடிப் பிடித்து, படிவத்தைச் சட்ட மொழியில் நிரப்பி, மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? கோல்டன் வேலி அதற்கொரு வழி செய்தது. சிஸ்னெரோஸின் முயற்சியில், ஊரின் அன்றைய மனித உரிமை ஆணையமும் கைகொடுக்க, 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. நியாயமான பத்திரங்கள், நியாயமான செயல்கள் என இரண்டு பொருளும் தரும் சிலேடைப் பெயர். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் போதும், தன்னார்வ வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் எல்லா வேலையையும் முடித்துத் தருவார்கள். ராபின்ஸ்டேல், கிரிஸ்டல் போன்ற பக்கத்து ஊர்களும் பிறகு சேர்ந்துகொண்டன.

செல்லாத வரியை மறுத்து ஆவது என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்னசோட்டாவில் வெள்ளையர் குடும்பங்களில் நான்கில் மூன்று சொந்த வீட்டில் வசிக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்குக்கூட அந்த வாய்ப்பு இல்லை. 1930-களில் வீடு வாங்கிய தாத்தாவின் பேரன், அந்த வீட்டை வைத்துக் கல்லூரிக்கும் தொழிலுக்கும் பணம் புரட்டினான். வாங்க முடியாதவரின் பேரன் இன்னும் வாடகை கொடுக்கிறான். இந்த இடைவெளியை ஒரு படிவம் அடைத்துவிடாது.

ஆனாலும் ஒன்று நடக்கிறது. படிவத்தில் கையெழுத்திட வருபவர் முதலில் தன் வீட்டுப் பத்திரத்தைப் படிக்கவேண்டும். 'எங்கள் ஊர் அப்படியெல்லாம் இருந்ததில்லை' என்று அதற்குப் பிறகு அவரால் சொல்ல முடியாது. எங்கோ தலைநகரில் இருக்கும் துறை அறிக்கை வெளியிட்டால் அது செய்தி. நாம் அன்றாடம் பார்க்கும் பக்கத்துத் தெருக்காரர், 'உங்கள் பத்திரத்தைப் பார்த்தீர்களா?' என்று கேட்டால் தப்பித்துப் போகமுடியாது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஆணையத்தின் பலம், அது கேள்வி கேட்கும் தூரத்தில் இருப்பதுதான்.

இன்னொரு செய்தி. நிராகரித்தாலும் பழைய வரியை யாரும் அழிப்பதில்லை. அழித்தால் நடந்ததற்குச் சாட்சி இருக்காது. தடை போட்ட பத்திரம், அதை மறுத்த பத்திரம் இரண்டும் கோல்டன் வேலி இருக்கும் ஹென்னபின் மாவட்டத்தின் பதிவேட்டில் சேர்ந்தே இருக்கின்றன.

(அடுத்த வாரம்: ஊர் நூலகக் குழுவின் நாற்காலி)