சீனி தானாகக் குறைந்தால் போன் போடுங்கள்

ஹுத்தான் மெலிந்தாங்கில் இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவார்கள். பெரிய டாக்டரைப் பார்க்க தெலுக் இந்தான் மருத்துவமனைதான். ஒரு செக்கப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும். சிறுநீரகமும் பழுதடையத் தொடங்கியவருக்கு அவ்வளவு நாள் காத்திருப்பது ஆபத்து. இந்த இடைவெளியில் போனிலோ காணொளியிலோ டாக்டரைக் கலந்தாலோசிப்பதுதான் தொலைமருத்துவம்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிப்பேருக்கு மேல் அதனால் சிறுநீரகம் கெட்டவர்கள்.

தொலைமருத்துவம் கிராமத்துக்கு ஒத்துவரும் என்பதைத் தமிழ்நாட்டின் சூணாம்பேடு காட்டியிருக்கிறது. 2006-இல் இனிப்புநீர் நிபுணர் டாக்டர் வி. மோகனின் குழு அங்கே 42 கிராமங்களுக்கு ஒரு வேனை அனுப்பியது. வேனில் எடுத்த விழித்திரைப் படங்கள் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னை நிபுணர்களுக்குப் போயின. பெரும்பாலோருக்கு ஊரிலேயே வைத்தியம் கிடைத்தது. சென்னைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

போனில் பேசும் டாக்டருக்கு உங்கள் உடம்பு தெரியாது, நீங்கள் எழுதி வைத்த எண்கள்தான் தெரியும். வெறும் வயிற்றில் சீனி அளவு, ரத்த அழுத்தம், காலையில் சிறுநீர் கழித்தபின் எடை: இவற்றைத் தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். சில நாளில் எடை 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள் இருக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது இன்னொன்று. சாப்பாடும் மருந்தும் மாறாமலே சீனி இறங்கினால் நோய் குறைகிறதென்று சந்தோஷப்படுவார்கள். இன்சுலினை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்யும். சில மாத்திரைகளும் அப்படியே. அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சீனி இறங்குவதை டாக்டரிடம் சொல்ல அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் பார்ப்பது, கால் புண்ணைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் போனில் நடக்காது. அதற்குக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். மைசெஜாத்தெரா செயலியில் நாள் குறிக்க முடியுமா, காணொளி ஆலோசனை உண்டா என்று முகப்பிலேயே கேளுங்கள். மூச்சுத்திணறல், சிறுநீர் நின்றுபோதல், மயக்கம் என்றால் காணொளியை மறந்துவிட்டு 999-ஐ அழையுங்கள்.