விஎம்-க்கு அள்ளிக் கொடுக்காதீங்க

விஎம் மெதுவா ஓடினா, ராமையும் கோரையும் கூட்டத்தான் முதல்ல தோணும். பல நேரம் அதுவே லேப்டாப்பை முடக்கிடும்.

16 ஜிபி ராமில் 12 ஜிபியை விஎம்-க்குக் கொடுத்தா, விண்டோஸும் குரோமும் மிச்ச 4 ஜிபிக்குள் அடங்காது. ராம் பத்தாம விண்டோஸ் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். டிஸ்க் ராமைவிட ரொம்ப மெதுவு. அதனால விஎம்மும் சேர்ந்து திணறும். சாதாரண லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபியில் தொடங்குங்க. உள்ளே மெமரி நிஜமாவே நிரம்பினா மட்டும் கூட்டுங்க.

கோர் கணக்கும் இப்படித்தான். டாஸ்க் மேனேஜர் 8 லாஜிக்கல் ப்ராசஸர் காட்டினாலும், நிஜக் கோர் 4 மட்டுமே இருக்கலாம். அப்போ விஎம்-க்கு 2 போதும்.

விர்ச்சுவல்பாக்ஸ்காரங்க, விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை இருக்கான்னு பாருங்க. இருந்தா, சிப்பின் விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் ஹைப்பர்-வி முன்னாடியே எடுத்துக்கிச்சு, விர்ச்சுவல்பாக்ஸ் அது வழியா சுத்திப் போகுதுன்னு அர்த்தம். வேகம் குறைய அதுவும் காரணமா இருக்கலாம். ஹைப்பர்-வியை நிறுத்த முடியும். ஆனா மெமரி இன்டெக்ரிட்டிங்கிற பாதுகாப்பும் அதை நம்பித்தான் ஓடுது. ஆபீஸ் லேப்டாப்பில் அதைத் தொடாதீங்க. சொந்த லேப்டாப்பில் விண்டோஸ் ப்ரோ இருந்தா, ஹைப்பர்-வியிலேயே விஎம்மை ஓட்டிப் பாருங்க.

கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டா திரையும் மவுஸும் சரளமாகும். தேவையில்லாத ஸ்னாப்ஷாட்டை விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே அழிங்க; ஃபைலை நேரடியா டெலீட் பண்ணா விஎம் திறக்காமலே போகலாம்.

ஒரு தடவைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாத்துங்க. அப்போதான் எது உதவிச்சுன்னு தெரியும்.