பனிநடை

மார்கழி மாதத்து விடியற்காலையில் எமது ஊராகிய திருவண்ணாமலையின் தெருக்களிற் செல்வோர், தலையையும் காதையும் துணியாற் சுற்றி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நடப்பர். மலையின் மேற்பாதி வெண்மூட்டத்தில் மறைந்திருக்கும். புல்நுனியில் நீர்த்துளிகள் நிற்கும். அதனையே நாம் பனி என்கிறோம். ஆயினும் அவ்வேளையில் வெப்பமானியை நோக்கின், அது பெரும்பாலும் 15 பாகைக்கு மேலேயே நிற்கும்.

சென்ற மார்கழி விடுமுறையில், மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ச் சாலையில் ஒரு பகுதியை நாள்தோறும் நடந்தேன். உடன் வந்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டார்க்கு அவர் மாமா. அவர் மட்டும் தலையிற் துணி சுற்றவில்லை. காரணம் வினவினேன். "இது பனியா, தம்பி? காஷ்மீரத்தில் இடுப்பளவு பனியிலே நாள் முழுதும் நடந்திருக்கிறோம்" என்றார். இடுப்பளவு பனியில் எங்ஙனம் நடத்தல் கூடும் என்றேன். அவர் கூறிய விடையும், பின்னர் யான் படித்தறிந்தனவும் சேர்ந்ததே இக்கட்டுரை.

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள் தருவது. துளித்தலும் பனித்தலே, குளிரால் நடுங்குதலும் பனித்தலே. ஆண்டினை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் முன்பனி, பின்பனி என இரு பருவங்களை இதற்கென்றே ஒதுக்கினர். ஆனால் மேகத்தினின்று பஞ்சுபோல் உதிர்ந்து, ஆள் உயரத்திற்குக் குவியும் பனி நம் நிலத்தில் இல்லை. உதகையிற் காணும் உறைபனியும் தரையிலே உறைந்த நீராவியன்றி வானினின்று பெய்ததன்று. ஆகவே அப்பனிமேற் செல்லும் தொழிலுக்கு நாம் இட்ட பெயரும் பாதி உண்மையே கூறுகின்றது. பனிச்சறுக்கு என்கிறோம். சறுக்குதல் இறங்கும்போது நிகழ்வது. மனிதரில்லாக் காட்டினூடே மலையேறிச் செல்வோர்க்கு நாளின் பெரும்பகுதி ஏறுதலிலேயே கழிகின்றது. அதனைப் பனிநடை என்றால் என்னை?

இந்நடைக்கு வேண்டும் கருவி மிகப் பழையது. ஸ்வீடன் நாட்டுச் சதுப்பு நிலமொன்றில் 1924இல் அகப்பட்ட மரப்பலகைகள் ஏறத்தாழ 5,200 ஆண்டுகட்கு முற்பட்டவை. ஸ்கீ என்னும் பெயரும் பழைய வடமேற்கு ஐரோப்பிய மொழியிற் பிளந்த மரத்துண்டு என்றே பொருள்படும். 1888இல் நான்சென் என்னும் நார்வே நாட்டார் ஐவர் துணையோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தது இப்பலகைகளின் மேலேதான். நம் நாட்டிற் குல்மார்க்கில் 1927இல் இதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. 1948இல் இராணுவத்தார் அங்கே தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி, இன்று உயர்மலைப் போர்ப் பள்ளியாக விளங்குகின்றது. மாமா பலகை கட்டக் கற்றதும் குல்மார்க்கிலேயே.

பலகையின் பயன் யாது? அறுபது கிலோ எடையுள்ள ஒருவன் நிற்கையில் அவன் இரு காலணிகளும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 400 சதுர சென்டிமீட்டர். ஒன்றே முக்கால் மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரு பலகைகளின் பரப்போ 3,500. அதே எடை ஏறத்தாழ ஒன்பது மடங்கு இடத்திற் பரவுதலால், இடுப்பளவு புதையவேண்டியவன் கணுக்காலளவே புதைகின்றான். "வெறுங்காலோடு இறங்கினால் நூறு அடி போவதற்குள் மூச்சு வாங்கிவிடும்" என்று மாமா கூறினார்.

வழுக்கும் பலகைகொண்டு மேலே ஏறுவது எங்ஙனம் என்பதே எனக்கு விளங்காதிருந்தது. பலகையின் அடியில் மயிருள்ள ஒரு நீண்ட பட்டையை ஒட்டுவர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் அங்கோரா ஆட்டு மயிராலோ நைலான் இழையாலோ நெய்தது. பூனையின் முதுகைத் தலையினின்று வால் நோக்கித் தடவின் கை வழுகிச் செல்லும். எதிராகத் தடவின் தடைப்படும். அதுபோலவே மயிரெல்லாம் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலின், பலகையை முன்னே தள்ளினால் நகரும், பின்னே வழுகாது. நம் பனையேறிகள் காலிற் பூட்டும் தளைநார் செய்யும் வேலையை இங்கே மயிர் செய்கின்றது. ஏறுங்கால் காலணியின் முனைமட்டும் பலகையிற் பூட்டப்பட்டிருக்கும், குதிகால் எழும்பும். இறங்குங்கால் குதிகாலையும் பூட்டிவிடுவர். செங்குத்தான சரிவில் நேரே ஏறாது, இடமும் வலமுமாக மடங்கி மடங்கி ஏறுவர்.

புதுப்பனியில் முன்னே செல்பவனுக்கே உழைப்பு மிகுதி. அவன் இட்ட தடத்திற் பின்வருவோர் எளிதாக நடப்பர். ஆதலின் முறைவைத்து முன்னவன் பின்னே வருவான். குளிரினும் வியர்வையே பகை என்பது எனக்கு வியப்பாயிருந்தது. காஷ்மீரத்தார் சில்லை கலான் என வழங்கும் நாற்பது நாட்கள் டிசம்பர் 21இல் தொடங்குகின்றன. நம் மார்கழியும் தையின் முற்பகுதியுமே அவை. அக்காலத்துக் குல்மார்க் இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே செல்வதுண்டு. அக்குளிரிலும் ஏறுபவன் உடலில் வியர்வை அரும்பும். உடை நனைந்து பின் ஓரிடத்தில் நின்றால் அவ்வீரமே அவனைக் கொல்லும். ஆகையால் சிறிது குளிரோடே புறப்பட்டு, ஏற ஏற மேலாடையைக் களைந்து, நின்றவுடன் மீண்டும் அணிவர்.

இனி அச்சத்திற்குரியதைக் கூறவேண்டும். பனி ஒரே நாளிற் பெய்வதன்று. படலம் படலமாக அமைவது. கடுங்குளிரில் அடிப்படலம் சிலபோது ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகள்போல் ஆகிவிடும். அதன்மேற் கனத்த புதுப்படலம் வீழ்ந்தால், மணல்மேல் வைத்த பாறைபோல் நிற்கும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சரிவில் ஒருவன் கால் வைத்த அளவிலே அஃது உடைந்து, அவனையும் கொண்டு சரிந்துவிடும். காலின்கீழ்ப் பனி 'உம்' என்று ஒலித்து அமுங்குதலும், கீறல் ஓடுதலும் அதன் அறிகுறிகள். ஐயமுள்ள சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடப்பர். ஒவ்வொருவரும் உடலில் ஒரு வானொலிக் கருவியும், பையில் மண்வெட்டியும் நீண்ட கோலும் கொண்டு செல்வர். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுள் தோண்டினால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தாற் சிலரே.

2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்நிலையின்மேற் பெரும் பனிச்சுவர் சரிந்தது. அங்கிருந்த சென்னைப் படைப்பிரிவின் 19ஆம் அணியினர் பதின்மர் புதைந்தனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டார். ஆறாம் நாள் தோண்டியபோது கருநாடகத்து ஹனுமந்தப்பா என்பவர் ஒருவர்மட்டும் உயிரோடிருந்தார்; பிப்ரவரி 11இல் டெல்லி மருத்துவமனையில் அவரும் உயிர் துறந்தார். அவர்கள் விளையாட்டிற்குச் சென்றவரல்லர். இதனை யான் கேட்டபோது மாமா நெடுநேரம் வாய் திறவாது நடந்தார். "பனி ஒன்றுதான், தம்பி. யார் வந்தாலும் அதற்கு ஒன்றுதான்" என்று மட்டும் பின்னர்க் கூறினார்.

அடர்ந்த காட்டினுள் இவ்வபாயம் குறைவு. மரங்கள் பனியைப் பற்றி நிறுத்துகின்றன, காற்றையும் தடுக்கின்றன. குல்மார்க்கின் மேற்சரிவுகளில் ஊசியிலை மரங்களும், அவற்றிற்கு மேலே பழையோர் ஏடாகக் கொண்ட பட்டையையுடைய பூர்ஜ மரங்களும் உள்ளன. எனினும் தாழ்ந்த கிளைகளையுடைய மரத்தடியிற் பனி இறுகாது, வெளியே தெரியாத குழி அமைந்திருக்கும். அதில் தலைகீழாய் வீழ்ந்தவன் தானே எழுதல் அரிது. ஆகவே காட்டினுள் ஒருவரையொருவர் கண்ணினின்று விடாது செல்லவேண்டும்.

இறங்குதலைப்பற்றி எழுத மிகுதியில்லை. உச்சியில் மயிர்ப்பட்டைகளை உரித்து மடித்து, பசை உறையாதவாறு சட்டையினுள் மார்போடு வைத்துக்கொள்வர், குதிகாலைப் பூட்டுவர், இறங்குவர். எமது மலையின் உச்சி கடல்மட்டத்திற்கு 814 மீட்டர் உயரம். ஊரினின்று அளந்தால் அறுநூற்றுக்குச் சற்று மேல். அவ்வளவு உயரத்தைப் புதுப்பனியில் ஏறுதற்கு எவ்வளவு நேரமாகும் என்று மாமாவைக் கேட்டேன். மலையை நிமிர்ந்து பார்த்துக் கணக்கிட்டு, மூன்று மணி என்றார். இறங்குதற்கு? "கால்மணி. அதற்குள் முடிந்துவிடுகிறதே என்று இருக்கும்" என்றார்.