பெருநாளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்குவது?

தரம் ஒன்றுக்குப் புதிய பிள்ளைகள் வந்து சேரும் முதல் வாரத்தில் நான் பாடம் எதுவும் தொடங்குவதில்லை. ஒரு சுளகில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "டீச்சருக்கு ஐந்து கொட்டை தாங்க மகன்" என்று கேட்பேன். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு மகன் ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறையும் பாட்டாகப் பாடிக் காட்டினார். கோள்களின் பெயர்களைச் சொன்னார். நூறு வரை நிறுத்தாமல் சொன்னார். ஐந்து கொட்டை கேட்டபோது மட்டும் இரண்டு கையாலும் அள்ளித் தந்தார். பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடித்தார். சட்டைப் பொத்தான் பூட்ட அவரால் முடியவில்லை.

உம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். அவருக்கு ஆச்சரியம். "என்ன டீச்சர், அவர்ட வாப்பா கட்டார்ல இருந்து எவ்வளவு சாமான் அனுப்பினார் தெரியுமா? எல்லாமே படிப்புச் சாமான்தான்" என்றார். எழுத்தை அமர்த்தினால் பெயர் சொல்லும் சின்னக் கணினி, பாடிக்கொண்டு நடக்கும் ரோபோ, ஒரு டெப். பொய்யில்லை, பெட்டிகளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பெருநாளைக்காகப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். பெட்டியில் 'கல்வி' என்று அச்சடிக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நாம் பார்க்க வேண்டியது ஒன்று: அந்தச் சாமானை வைத்துக்கொண்டு வேலை செய்வது யார்? பிள்ளை பொத்தானை அமர்த்துகிறது. பாடுவது, ஆடுவது, வெளிச்சம் போடுவது, சரியா பிழையா என்று சொல்வது எல்லாமே சாமான்தான். இரண்டு நாளில் பிள்ளைக்கு அலுத்துவிடும். அலுக்காவிட்டால் அது இன்னும் கவலைக்குரியது.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் முன்பிள்ளைப் பருவக் கல்வி படித்தபோது முதலில் வந்த பெயர் புரொபெல். 1837 இல் ஜெர்மனியின் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கியவர். பாலர் பாடசாலை என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். அவர் பிள்ளைகளுக்கென்று வரிசையாகச் செய்த விளையாட்டுச் சாமான்களில் முதலாவது, நூலில் தொங்கும் ஆறு கம்பளிப் பந்துகள். அடுத்தது மரத்தால் செய்த உருண்டை, கனச்சதுரம், உருளை. அதற்குப் பின் சிறு மரக்கட்டைகள். அவ்வளவுதான்.

அதைப் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது ஸஹீஹுல் புஹாரியில் வரும் ஒரு செய்தி. ஆஷூரா நோன்பன்று மதீனாவின் அன்ஸாரித் தாய்மார் தங்கள் பிள்ளைகளையும் நோன்பு நோற்க வைத்தார்கள். பிள்ளை பசியென்று அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை கொண்டு போவார்கள் என்று ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அறிவிக்கிறார்கள். புரொபெலுக்கு ஏறத்தாழ 1200 வருடங்களுக்கு முன்! அந்தத் தாய்மார் அதை வாங்கவில்லை, செய்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்குள் துணியால் சிறகு வைத்த ஒரு குதிரை இருந்ததும், குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் பதில் சொன்னதும், நபியவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் இருக்கின்றன. பொம்மை பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பேச நான் தகுதியானவள் அல்ல. அதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஓர் ஆசிரியையாக என் கண்ணில் படுவது, இல்லாத சிறகை அந்தக் குதிரைக்கு விளையாடியவரே வைத்தார் என்பதுதான்.

இனி வயதுக்கு வருவோம்.

ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்குக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை என்றே சொல்வேன். எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும், துணிப்பந்து, உம்மாவின் முகம், இவை போதும். எட்டு ஒன்பது மாதமாகும்போது ஒரு சாமானைத் துணியால் மூடினால் பிள்ளை துணியை இழுத்துப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்று அதற்கு விளங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நிரப்புவதும் கொட்டுவதும்தான் பிள்ளையின் வேலை. எமது கரையோரத்தில் மணலுக்குப் பஞ்சமா? ஓரம் தேய்த்த இரண்டு சிரட்டை, ஒரு சின்ன வாளி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கோப்பைகள், கயிறு கட்டி இழுக்கும் ஒரு வண்டி. அந்தக் காலத்தில் குரும்பட்டியையும் ஈர்க்கையும் வைத்துத் தேர் செய்து தருவார்கள். தென்னை நிறைந்த இந்த மாவட்டத்தில் இன்று குரும்பட்டித் தேர் செய்யத் தெரிந்த இளம் உம்மாக்கள் எத்தனை பேர்?

இந்த வயதில் வேறொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாமே வாய்க்குள் போகும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாமான்களைச் சோதிக்க வெளிநாடுகளில் ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீற்றர் அகலம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நாம் குடிக்கும் தண்ணீர்ப் போத்தலின் மூடி ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். அதுவும் அந்த உருளைக்குள் அடங்கிவிடும். பந்துக்கு இன்னும் கடுமை: 44 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். மேசைப்பந்து 40 தான், ஆகவே அதுவும் கூடாது. பெட்டியில் 0-3 என்று எழுதிய அழும் முகத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால், 'என்ட பிள்ளை கெட்டிக்காரன், விளையாடுவான்' என்று வாங்கிவிடாதீர்கள். அது கெட்டித்தனத்தைப் பற்றிய அடையாளம் அல்ல, தொண்டையைப் பற்றியது.

பெருநாள் சாமான்களில் நான் மிகவும் பயப்படுவது பொத்தான் பெற்றரிக்கு. வெளிச்சம் போடும் மோதிரம், பாடும் வாழ்த்து அட்டை, மலிவான மணிக்கூடு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. விழுங்கிய பெற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே சுட்டுப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பெற்றரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத சாமானை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் அப்படித்தான். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி எறியுங்கள்.

மூன்று வயது தாண்டியதும் பிள்ளை வேறு ஆளாகிவிடும். அதுவரை கரண்டி என்பது தட்டும் சாமான்; இப்போது அதே கரண்டி போன், மைக், சுக்கான். கடை வைப்பார்கள், சோறு ஆக்குவார்கள், உம்றாவுக்குப் பெட்டி கட்டுவார்கள். இந்த விளையாட்டை 'சும்மா விளையாட்டு' என்று நினைக்கும் பெற்றோர்தான் எமது ஊரில் அதிகம்.

1990 இல் நான் ஆண்டு ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பக்கத்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். எமது வீட்டுக்குப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சாமானும் இல்லை. தென்னம்பாளையை எடுத்து வள்ளமாக்கினார்கள். கூழாங்கற்கள்தான் ஆட்கள்: இது உம்மா, இது வாப்பா, இது மூத்தம்மா, இது ஆடு. எல்லாரையும் ஏற்றுவார்கள். கடைசியில் ஆட்டுக்கு இடமில்லை என்று அதைக் கரையில் இறக்கிவிட்டு வள்ளத்தைத் தள்ளுவார்கள். மறுநாளும் அதே விளையாட்டு. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, நானும் சேர்ந்து தள்ளினேன். பிள்ளை தான் பட்டதை விளையாட்டில் திரும்பத் திரும்பச் செய்துதான் ஆற்றிக்கொள்ளும் என்று பின்பு கலாசாலையில் படித்தபோது அந்த ஆடுதான் ஞாபகம் வந்தது. சாமான் இல்லாதது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை வேண்டாம். ஆனால் பேசும் ரோபோவை வைத்து அந்த விளையாட்டை விளையாடியிருக்க முடியாது.

ஆகவே மூன்றிலிருந்து ஐந்து வரை வாங்குவதென்றால் மரக்கட்டைகள் வாங்குங்கள். கட்டை இன்று வீடு, நாளை பள்ளிவாசல், மறுநாள் லொறி. கோதுமை மாவைப் பிசைந்து கையில் கொடுங்கள். பென்சில் பிடிக்கும் விரல்கள் உருட்டுவதிலும் கிள்ளுவதிலும்தான் பலப்படுகின்றன. முனை மழுங்கிய கத்தரிக்கோலும் பழைய பத்திரிகையும் கொடுங்கள். இன்னொன்று: சமையல் சாமான் மகளுக்கு, கட்டையும் வாகனமும் மகனுக்கு என்று பிரித்து வாங்கும் பழக்கம் எமக்கு இருக்கிறது. உயரம், அகலம், சமநிலை எல்லாம் கட்டை அடுக்கும்போதுதான் கைக்கு விளங்கும். மகளுக்கு அது வேண்டாமா? கடைத்தெருவில் ஹோட்டல் வைத்திருக்கும் எமது ஆண்கள் எல்லாரும் சமைக்கிறவர்கள்தானே!

இனி அந்தப் புளியங்கொட்டை மகனின் விடயம். நூறு வரை சொல்வது பாட்டு. ஐந்து என்றால் எவ்வளவு என்று அறிவதுதான் எண். இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது, செலவு இல்லை. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரொபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் அமெரிக்காவின் வறிய குடும்பத்துப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தார்கள். நேர்க்கோட்டில் பத்துக் கட்டங்கள், அதில் 1 முதல் 10 வரை இலக்கம். சுழலும் முள் ஒன்று அல்லது இரண்டு காட்டும். அதன்படி காயை நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம். பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாக முன்னேறியது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. இலக்கத்துக்குப் பதிலாக நிறங்கள் உள்ள கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

சப்பாத்துப் பெட்டி மூடியில் இதை ஐந்து நிமிடத்தில் கீறலாம். தாயக்கட்டை வேண்டாம் என்று பேணுதலாக இருக்கும் வீடுகள் எமது ஊரில் உண்டு. அதற்கும் பிரச்சினையில்லை, 1, 2 என்று எழுதிய இரண்டு துண்டுக் கடதாசியைச் சுருட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகரக் கூடாது. கட்டத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து "ஏழு, எட்டு" என்று சொல்ல வேண்டும். முழு விளையாட்டும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாம்பும் ஏணியும் பிறகு வரட்டும். அதில் இலக்கங்கள் ஒரு வரியில் வலப்பக்கமும் அடுத்த வரியில் இடப்பக்கமும் ஓடுவதால் நான்கு வயதில் குழப்பும், ஆறு வயதில் சரி. ஏழெட்டு வயதுக்குக் கொக்கான், கெரம், பல்லாங்குழி எல்லாம் நல்லவை.

ஒன்பது பத்து வயதாகும்போது புலமைப்பரிசில் வந்து விளையாட்டை விழுங்கிவிடும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்த வயதுக்குச் சாமானை வாங்கிக் கொடுப்பதைவிடச் செய்யக் கொடுப்பது நல்லது. இந்தியாவின் அரவிந்த் குப்தா பாவித்து எறிந்த பொருட்களில் விஞ்ஞான விளையாட்டுச் சாமான் செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்துக் கேத்திர கணித உருவங்கள் செய்யக் காட்டினார். எமக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. மாம்புரியில் சுழலும் காற்றாலையைக் காட்டி, அதேபோல் ஒன்றைக் கடதாசியிலும் ஈர்க்கிலும் செய்து வரச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. பட்டம் என்றால் மின்கம்பி இல்லாத வெட்டையில் விடச் சொல்லுங்கள்.

அந்த உம்மாவிடம் சப்பாத்துப் பெட்டிக் கட்டத்தைக் கீறிக் கொடுத்தனுப்பினேன். அவர் அதைப் படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்ப, வாப்பாவும் அங்கே ஒரு அட்டையில் அதேபோல் கீறிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் வீடியோ கோலில் இருவரும் விளையாடுவார்களாம். இங்கே மகன் கடதாசி எடுப்பார், அங்கே வாப்பா இரண்டு காயையும் நகர்த்துவார். இரண்டாம் தவணையில் உம்மா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "டீச்சர், அவர் வேணுமெண்டே ஒன்று, இரண்டு எண்டு எண்ணுறார். இவர் போனுக்குள்ள கத்துறார், 'வாப்பா, ஏழு, எட்டு!' எண்டு."